சான்றிதழ் நெஞ்சை அமுக்காது

சென்ற ஞாயிறு எங்கள் குடியிருப்பில் சி.பி.ஆர். பயிற்சி முகாம் நடந்தது. நாற்பது பேர், ஒரு மணி நேரம், ஒரே ஒரு பொம்மை. ஆளுக்குப் பத்து அமுக்கு. பிறகு காபி, குரூப் போட்டோ, சான்றிதழ். என்னுடையதில் 'பயிற்சியைத் திறம்பட முடித்தார்' என்று போட்டிருக்கிறது. திறம்பட என்று யார் அளந்தார்கள்? அந்தப் பொம்மையில் அளப்பதற்கு எதுவுமே இல்லை.

இதைச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். "நாலு பேருக்கு விழிப்புணர்வு வந்ததே சார், அதிலுமா குறை?" என்றார்.

ஆமாம் சார், குறைதான்.

நான்கு வருடங்களுக்கு முன் என்னோடு தினமும் நடக்க வரும் நண்பர் பூங்காவிலேயே சுருண்டு விழுந்தார். இதே மாதிரி ஒரு முகாமில் நான் வாங்கிய சான்றிதழ் அப்போது வீட்டு அலமாரியில் இருந்தது. தைரியமாக உட்கார்ந்து அமுக்கினேன். 108 வரும்வரை விடவில்லை. அவர் பிழைக்கவில்லை.

சில மாதம் கழித்து, மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் என் அக்கா மகள் ஒரு பொம்மையைக் காட்டி அமுக்கச் சொன்னாள். அது ஆழத்தைத் திரையில் காட்டும். வியர்க்க வியர்க்க அமுக்கினேன். "மாமா, மூணு சென்டிமீட்டர்தான் போகுது" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியாக அமுக்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். ஆனால் சரியாகத்தான் செய்தேன் என்றும் இனி சொல்ல முடியாது.

வயது வந்தவருக்கு நெஞ்சு குறைந்தது 5 செ.மீ. இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் கையின் பாரத்தை எடுத்து நெஞ்சை முழுதாக எழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் மறுபடி நிரம்பும். மெத்தையில் கிடத்தி அமுக்கினால் நெஞ்சோடு மெத்தையும் அமுங்கி நம்மை ஏமாற்றும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறையும். அமுக்குகிறவருக்கே அது தெரியாது. அதனால்தான் ஆள் மாற்றச் சொல்கிறார்கள்.

மருத்துவமனைக்காரர்களே தங்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. சுவாசக் குழாய் போட்டவருக்கு, வெளிவரும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கிறார்கள். அது 10-க்குக் கீழே கிடந்தால், அமுக்குவது போதவில்லையோ என்று உடனே பார்க்கிறார்கள். தினமும் இதே வேலையாக இருப்பவர்களுக்கே அளவு தேவைப்படும்போது, நமக்குப் பத்து அமுக்கும் ஒரு கைதட்டலும் போதுமா?

செலவு ஆகும் என்பார்கள். சரியான ஆழம் போனால் 'டிக்' என்று சத்தம் போடும் சாதாரணப் பொம்மைகளும் உண்டு. வேகத்துக்குத் தாளம் போடக் கைபேசியே போதும். நாற்பது பேருக்குப் பதில் பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். ஆளுக்கு முழுதாக இரண்டு நிமிடம் கொடுங்கள். சரியாக வரும்வரை சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து ஒதுங்க வேண்டாம். எதிரில் ஒருவர் மூச்சுப் பேச்சின்றி விழுந்தால், 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு அமுக்கத் தொடங்குங்கள். கைகட்டி நிற்பதைவிட அரைகுறையும் மேல்தான். ஆனால் அரைகுறைக்குச் சான்றிதழ் வேண்டாம். என்னுடையதை நேற்றே செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.