அன்னம் இடுவோம், அருகில் அமரோம்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். நேற்றுவரை நாம் அறியாதவர், இன்று நம் வாசலில் வந்து நிற்பவர், அவரே விருந்தினர். இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கிச் சொல்லும்போது வள்ளுவர் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியாகவே வைத்தார். இன்றோ நம் இல்லத் திருமணமாயினும், பிள்ளைகளின் புதுநன்மையாயினும், பந்தியில் நாம் காண்பதெல்லாம் தெரிந்த முகங்களே. சொல் இருக்கிறது, சொல்லின் உயிர் போய்விட்டது.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் சுற்றுலாக் குழுக்களில் நம் அன்பியங்களும் உண்டு, இளையோர் இயக்கங்களும் உண்டு. பேருந்தில் நமக்கு முன்பாகச் சோற்றுப் பாத்திரங்கள் ஏறிவிடுகின்றன. ஆகாயகங்கை அருவியில் நீராடிய பின், மரநிழலில் நமக்குள் வட்டமிட்டு அமர்ந்து உண்கிறோம். மிஞ்சியதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மலைச் சிறுவர்களுக்கு வழங்குகிறோம். பிறரன்புப் பணி ஒன்று முடிந்த மனநிறைவோடு இறங்கிவருகிறோம். அந்த மலையில் வாழும் ஒரு குடும்பத்தின் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் உண்ணும் சாமைச் சோற்றையோ கேழ்வரகுக் களியையோ அவர்களோடு உண்டு திரும்பியவர் நம்மில் எத்தனை பேர்?

அந்நியனுக்கு உணவிடுவது ஒன்று. அந்நியனோடு உண்பது முற்றிலும் வேறொன்று. முன்னதில் நாம் கைதேர்ந்துவிட்டோம். பின்னதைத் தவிர்ப்பதற்கு முன்னதையே ஒரு வழியாகவும் ஆக்கிக்கொண்டோம் என்பதே நம் குற்றச்சாட்டு.

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் நினைவு வரும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனுக்கு ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசே அம்மலையில் விழா எடுக்கிறது. வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில், காட்டிடையே வந்த முன்பின் அறியாத பாணர் கூட்டத்தை வேட்டுவன் ஒருவன் எதிர்கொள்கிறான். அவர்கள் பாடிப் புகழ்ந்து 'கோ' என்று விளித்ததும், அது தன்னையே குறிப்பதால் நாணுகிறான். தான் வேட்டையாடிய மானின் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளி வழங்குகிறான். அன்னதானப் பந்தலுக்கு ஆளுயரப் பதாகையில் தம் படத்தையும் பெயரையும் பொறித்து வைக்கும் நம் காலத்து உபயதாரர்கள் அந்த நாணத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் ஓரி கொடுத்தான், பாணர் பெற்றனர். கொடுத்தவன் கொடுப்பவனாகவும் பெற்றவர் பெறுபவராகவுமே நின்றனர். வள்ளன்மையின் எல்லை அது. நற்செய்தி நம்மை அவ்வெல்லையோடு நிற்க விடுவதில்லை. இயேசுவை நற்செய்தியாளர்கள் பந்தியில் காட்டும் இடங்களைப் புரட்டிப் பார்ப்போம். பெரும்பாலும் அவர் விருந்தளிப்பவர் அல்லர், விருந்தாளி. லேவியின் வீட்டில் வரிதண்டுவோரோடு அமர்கிறார். எரிகோவில் மரத்தின்மேல் இருந்த சக்கேயுவிடம், அவன் அழைக்கும் முன்பே, தாமாகவே தங்க வருவதாகச் சொல்கிறார். ஊருக்குள் அனுப்பப்பட்ட சீடர்கள் எந்த வீட்டில் வரவேற்கப்படுகிறார்களோ அங்கே வைக்கப்படுவதை உண்ண வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. தம் சோற்றைச் சுமந்து செல்லுமாறு அவர் பணிக்கவில்லை. அவரை எதிர்த்தவர்களும் அவர் பாவிகளுக்கு உணவளிக்கிறார் என்று முணுமுணுக்கவில்லை. அவர்களோடு உண்கிறார் என்பதே அவர்களுடைய முறையீடு. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

அந்தியோக்கியாவில் பேதுருவே இதில் தடுமாறினார். பிற இனத்தாரோடு உண்டுவந்தவர், யாக்கோபைச் சார்ந்தவர்கள் எருசலேமிலிருந்து வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். பேதுரு மறுத்துப் பேசியது எந்த மறையுண்மையையும் அன்று. எழுந்து வேறிடத்தில் அமர்ந்தார், அவ்வளவே. அதையே பவுல் நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடத்தை என்றார்.

'ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறோமே, அதற்குமேல் என்ன வேண்டும்?' என்பார் உளர். கொரிந்து நகர மக்களும் இப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய அவர்களுள் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசியோடு நின்றனர். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் அவர்களுக்கு எழுதினார். பீடத்தையும் பந்தியையும் பிரித்துவைத்து ஒன்றை மட்டும் தூயதாகப் போற்றும் உரிமையை அவர் தரவில்லை.

நம் தமிழ் மண்ணில் பந்தி வெறும் பந்தியாக என்றுமே இருந்ததில்லை. 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலம் நாட்டுப்பற்றை ஊட்டவே பிறந்தது. பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவிட்ட செய்தி வெளிப்பட்டபோது வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கிளர்ந்தெழுந்தனர். தமிழகக் காங்கிரசே பிளவுபட்டது. இரண்டு இலைகளுக்காகவா இத்தனை ஆரவாரம் என்று அன்றும் சிலர் கேட்டார்கள். மற்றவரைச் சுட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுகிறது என்பதை 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு நாள் திருவிழாவில் சமபந்தி நடத்திப் படம் எடுத்துக்கொள்வது இதற்கு விடையாகாது. எஞ்சிய 364 நாட்களில் நம் வீட்டுப் பந்தியில் யார் அமர்கிறார் என்பதன்றோ கேள்வி!

பழக்கமில்லாத உணவு உடலுக்கு ஆகாது என்பது அடுத்த சாக்கு. லண்டனில் வளர்ந்த எவிலின் பிராண்டும் அவர் கணவர் ஜெஸ்ஸியும் கொல்லிமலையில் குடியேறி மலைமக்களிடையே வாழ்ந்தனர். 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். கைம்பெண்ணான எவிலின் பிற்காலத்தில் அதே மலைக்குத் திரும்பி, 1974இல் தாம் இறக்கும்வரை மலைமக்களின் பணியை விடவில்லை. அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அதனால் நமக்குச் சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அம்மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூரில், உலகமே பந்தியிலிருந்து விலக்கிவைத்த தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். தம் உணவைத் தாமே எடுத்து உண்ணக் கை வேண்டும் அல்லவா?

இன்னும் ஒன்று. அம்மலையின் உணவை நாம் உண்பதே இல்லை என்பதும் உண்மையன்று. சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளாக மரவள்ளி பரவியது. அக்கிழங்கு கீழிறங்கிச் சேலம், நாமக்கல் பகுதி ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகிறது. நம் திருவிழாப் பாயசத்தில் மிதக்கிறது. மலைக்காரரின் நிலத்திலிருந்து நமக்கு வேண்டியது நம் இலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. விளைவித்தவர் மட்டும் வந்து சேரவில்லை.

அடுத்த முறை நம் பங்கிலிருந்து பேருந்து புறப்படும்போது பிரியாணிப் பாத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். வளப்பூர் நாட்டிலோ வாழவந்தி நாட்டிலோ ஓர் ஊரில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சமைப்பதற்குரிய விலையைக் குறைக்காமல் கொடுத்து, அவர்களையும் நம்மோடு உட்காரச் சொல்வோம். யார் அருகில் யார் என்று பார்க்காமல், வந்த வரிசையில் இலை போடட்டும். பேச்சு முதலில் தடுமாறும். களியைப் பிசையும் முறையை அவ்வீட்டுப் பிள்ளைகள் நமக்குச் சிரித்துக்கொண்டே கற்றுத் தர வேண்டியிருக்கும்.