கலப்பு விதியில் இருக்கிறது கணினியின் சாமர்த்தியம்

1975-இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹாலண்ட் நூலாக விளக்கிய மரபணுப் படிமுறை, ஒரு பிரச்சினைக்குரிய பல விடைகளை ஜீவராசிகளின் கூட்டமாகப் பாவித்து, தேறியவற்றை ஒன்றோடொன்று கலந்தும், அங்கங்கே சிறு பிறழ்வை உண்டாக்கியும், தலைமுறைதோறும் மேலான சந்ததியைப் பெற முயல்வதாகும். அந்தக் கலப்பையும் பிறழ்வையும் செய்யும் விதிகளுக்கு ஆபரேட்டர் என்று பெயர். மாணவர்கள் பலர் ஆயத்த மென்பொருளில் கிடைக்கும் விதியை அப்படியே பிரயோகித்துவிட்டு, விடை சரிவராதபோது கணினியின் வேகத்தைக் குறை கூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து சரக்கு கொண்டுசெல்லும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட், கிளைவ் ஸ்திரீட், ரேஸ் கோர்ஸ் ரோடு என்பது ஒரு வழி. ரேஸ் கோர்ஸ், கிளைவ், கேம்பல், டன்லப் என்பது மற்றொன்று. முதல் வழியின் முற்பாதியையும் இரண்டாவதன் பிற்பாதியையும் யோசனையின்றி ஒட்டினால், வேன் கேம்பல் லேனுக்கும் டன்லப் ஸ்திரீட்டுக்கும் இருமுறை போகும். மற்ற இரு தெருக்காரர்கள் சரக்குக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்! முற்பாதியை வைத்துக்கொண்டு, விடுபட்ட தெருக்களை மட்டும் இரண்டாம் வழியின் வரிசைப்படி நிரப்புவது, 1985-இல் ஆய்வாளர் டேவிஸ் வகுத்த விதி. பிரச்சினையின் சுபாவத்தை அறிந்த விதி அது. அதுபோலவே, தசம எண்களாலான விடைகளுக்கென்று 1995-இல் கல்யாண்மய் தேபும் அகர்வாலும் அமைத்த கலப்பு முறையில், பெற்றோர் நெருங்கியிருந்தால் பிள்ளைகளும் அருகிலேயே பிறக்கும். விலகியிருந்தால் எட்டிப் பரவும்.

ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனி விதி வகுக்க எவருக்கு அவகாசம் என்று கேட்கலாம். இதற்கு நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே பதில் உண்டு. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய பொ. நா. சுகந்தன் தம் சகாக்களோடு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மரபணுப் படிமுறைக்குச் சகோதர முறையான ஒன்றில் நான்கு விதிகளைக் கொடுத்து, சமீபத்திய தலைமுறைகளில் எது எத்தனை முறை வென்றது, எத்தனை முறை தோற்றது என்ற கணக்கைக் கொண்டு கணினியே தேர்ந்துகொள்ள வழி செய்தார்கள். மெச்சத்தக்க உபாயம், எனினும் அந்த நான்கையும் யோசித்தவர்கள் மனிதர்களே என்பதை மறக்கலாகாது. எல்லாப் பிரச்சினைகளையும் சேர்த்துப் பார்த்தால் எந்த முறைக்கும் மேன்மை இல்லை என்று 1997-இலேயே வோல்பர்ட்டும் மக்ரெடியும் நிரூபித்துவிட்டார்கள்; பிரச்சினையின் சுபாவத்தை அறிந்து விதி வகுப்பதே வழி.

ஆகவே நம் பாலிடெக்னிக்குகளின் தேர்வுத்தாளில், மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன், இந்த நான்கு தெருக்களுக்கும் காகிதத்தில் ஒரு கலப்பு விதி எழுதச் சொல்ல வேண்டும்.