கண் மங்கினால் கண்ணாடி மட்டும் போதுமா?



"டிரஸர் ஐயா, கண்ணு மங்கலாத் தெரியுது, சொட்டு மருந்து குடுங்க" என்று கிளினிக்குக்கு வருகிறவர்கள் பலர். "முதல்ல கையை நீட்டுங்க, ரத்தக் கொதிப்பைப் பார்ப்போம்" என்றால், "கண்ணுக்கும் கைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். சம்பந்தம் நிறைய உண்டு.

நம் கண்ணின் உட்புறத்தில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. நாம் பார்க்கும் காட்சி எல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிகவும் நுண்ணியவை. ரத்தக் கொதிப்பு வருடக்கணக்கில் கூடியே இருந்தால், அந்தக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகிப் போகிறது. பிறகு ரத்தமும் நீரும் கசிந்து விழித்திரை வீங்குகிறது. சிலருக்குக் குழாய் அடைத்துக்கொண்டு, வலி ஏதுமில்லாமல் ஒரு கண் திடீரென்று மங்கிவிடும். அளவு 180/120-க்கு மேலே போனால் கண் நரம்பே வீங்கக்கூடும்.

இதில் நம்மை ஏமாற்றுவது எது தெரியுமா? ஆரம்பத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. "எனக்குத் தலை சுத்தல் கிடையாது, கண்ணு நல்லாத் தெரியுது, எனக்கு ஏது டாரா திங்கி?" என்று பேசுவது சரியல்ல. 2019-ல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தவர்களில் 10 பேருக்கு 3 பேர் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என்று தெரிந்தது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது!

கண் மங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும், கண்புரை வரும், இனிப்பு நீரும் கண்ணைக் கெடுக்கும். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிட்டால் கேடு இன்னும் அதிகம். பசார் மாலாமில் வாங்கும் கண்ணாடி எழுத்தைப் பெரிதாகக் காட்டும். கசிகிற ரத்தக் குழாயை அடைக்காது. ஆகவே கண்ணாடி வாங்குமுன் அளவைப் பாருங்கள். 5 நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு எடுக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் முன்பு காப்பியும் சிகரெட்டும் வேண்டாம். 140/90 அல்லது அதற்கு மேல் மறுபடி மறுபடி வந்தால் அது ரத்தக் கொதிப்புதான். அப்படியானால் கண்ணின் உட்புறத்தையும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரை கொடுத்தால் தினமும் சாப்பிடுங்கள். "அளவு இறங்கிடுச்சு, நிறுத்திட்டேன்" என்கிறார்கள். மாத்திரையால்தானே அது இறங்கியது! உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், மீ பாக்கெட்டில் வரும் தூள் எல்லாமே உப்புதான். சம்சுவை விட்டுத் தொலையுங்கள்.

இனி நிர்வாகங்களுக்கும் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. "தொழிலாளி அலட்சியக்காரன்" என்று சொல்வது சுலபம். அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்கள் கட்டுவது 1 வெள்ளிதான். ஆனால் அங்கே போய்க் காத்திருந்தால் அன்றைய சம்பளம் போகிறதே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சர்வீசுக்குத் தக்கவாறு வருடத்துக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு சீக்கு லீவு உண்டு. அது நோய் வந்து டாக்டர் சான்று கொடுத்த பிறகு. நோய் வருமுன் பார்த்துக்கொள்ள யார் லீவு தருகிறார்கள்?

பால் வெட்டுகிறவருக்குப் பார்வை குறைந்தால் கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழும், ஏச்சும் அவருக்குத்தான். செம்பனை அறுக்கிறவருக்குப் பார்வை குறைந்தால் மேலிருந்து விழும் குலையில் உயிரே போகலாம். ஆகவே, மாதம் ஒரு முறை பெரட்டுக் களத்திலேயே ரத்தக் கொதிப்பைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். அளவு கூடியவர்கள் கிளினிக்குக்குப் போகும் நாளில் சம்பளம் வெட்டக் கூடாது. கிளைக் கூட்டங்களில் இதைக் கேளுங்கள். இது சலுகை அல்ல, பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. பார்வை திடீரென்று மறைந்தால், மறைந்து உடனே திரும்பி வந்தாலும்கூட, அல்லது கடும் தலைவலியோடு இரட்டையாகத் தெரிந்தால், அல்லது வாய் கோணி, கை கால் மரத்துப் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-க்குக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நமக்குச் சோறு போடுவது கையும் கண்ணும். இந்த வாரமே வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் வந்து அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.