குழாயடியில் சோப்பு எங்கே?

சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும் என்பதை அறியாத மாணவி எந்தப் பள்ளியிலும் இரார். சின்ன வகுப்பிலேயே படித்தாயிற்று. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றாயிற்று. அப்படியிருந்தும் வயிற்றுப்போக்கென்று விடுப்புக் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. குறை குழாயடியில் இருக்கிறது என்பது என் கருத்து.

மதிய மணி அடித்ததும் பல பள்ளிகளில் காணும் காட்சி இதுதான். நாற்பது பேர் நான்கு குழாய்களை மொய்ப்பார்கள். விரல் நுனி நனையும், பாவாடையில் துடைபடும், டிபன் பாக்ஸ் திறக்கும். சோப்பா? அது ஆசிரியர் அறையில் இருக்கும். அல்லது விருந்தினர் வரும் நாளில் தரிசனம் தரும்!

வெறும் தண்ணீர் போதாதோ எனக் கேட்கலாம். நம் தோலில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கழிப்பறையிலிருந்து விரலோடு வரும் கிருமிகள் அப்பசையிலும் நக இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு நுரைதான் அவற்றைப் பெயர்த்தெடுக்கும். அதற்கும் இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும். சோற்றைக் கையால் பிசைந்துண்ணும் நமக்கு இது மிகமிக அவசியம்.

கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. வீடுகளுக்குச் சோப்பைக் கொடுத்து, வாரந்தோறும் சென்று கை கழுவும்படி ஊக்கினார்கள். அவ்வீடுகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றுப்போக்கு, சோப்புப் பெறாத வீடுகளைவிட 53 விழுக்காடு குறைந்திருந்தது. கிருமிநாசினி சேர்த்த சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே பலனையே தந்தன. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வயிறு போகிறதென்று குழந்தைக்குத் தண்ணீரையும் சோற்றையும் நிறுத்துவது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொடியை, பொட்டலத்தில் குறித்த அளவு சுத்தமான நீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள், உணவும் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிந்து பிள்ளை துவண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சோப்பு வைத்தால் மறுநாளே காணாமற் போகிறதே என்று கன்னியர் சொல்லக்கூடும். உண்மைதான். பழைய நைலான் வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டால் யாரும் எடுத்துப் போகார், சேற்றிலும் விழாது. மாதம் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு ஒவ்வொரு வகுப்பும் தன் குழாய்க்குச் சோப்பு வாங்கலாம். இடைவேளையை ஐந்து நிமிடம் நீட்டுவது மட்டும் தலைமையாசிரியையின் கையில் இருக்கிறது.