பழுது பார்க்க முடிந்த பொருளே நீடிக்கும்

மர்பி, பிலிப்ஸ், புஷ் என்ற பெயர்களைச் சொன்னாலே நம் உறுப்பினர்களில் மூத்தவர்களுக்கு மரப்பெட்டி ரேடியோவும் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டும் நினைவுக்கு வரும். சிலர் வீட்டில் அந்த செட்டு இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. "அந்தக் காலத்துச் சரக்கு அப்படி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது ஏன் நீடித்தது என்பதை வியாபாரிகளாகிய நாம் யோசிக்க வேண்டும்.

அந்த செட்டில் கெடாத பொருள்கள் இருந்தன என்பது காரணமல்ல. வால்வு பல்பைப் போலத் தேய்ந்து போவதுதான். ஆனால் அது சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது. பிடுங்கிவிட்டு அதே எண்ணுள்ள வேறொன்றைச் செருகினால் போதும். ஒரே எண் வால்வு பல கம்பெனி செட்டுகளுக்கும் பொருந்தியது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வுகளை நம் நாட்டிலேயே தயாரித்தது. உள்ளே ஒவ்வொரு பாகமும் கை நுழையும் இடைவெளியில் பற்றவைக்கப்பட்டிருந்தது. பின்பலகையை ஸ்குரூ கழற்றித் திறக்கலாம்.

கண்டன்சர் வருடக்கணக்கில் காய்ந்து போகும். ஆகவே நெடுநாள் பரணில் கிடந்த செட்டை எடுத்தவுடன் கரண்டில் போடக் கூடாது. கண்டன்சர்களைச் சோதித்து மாற்றிய பிறகே போட வேண்டும். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். தெரிந்த மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும்.

ரெக்கார்டு பிளேயரிலும் இதே கதைதான். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற ஜப்பானிய பிளேயர் 1972-ல் வந்தது. மோட்டாரே தட்டைச் சுழற்றுவதால் அறுந்து போக பெல்ட் கிடையாது. 2010-ல் தயாரிப்பை நிறுத்தியவர்கள், கேட்பவர்கள் இருந்ததால் 2016-ல் மீண்டும் கொண்டு வந்தார்கள்.

இன்றைய செட்டு விலை குறைவு, கரண்டும் குறைவாகவே எடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பலவற்றில் மூடியைக் கோந்து போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு சிறு பாகம் போனால் முழு போர்டும் போகிறது. பாட்டுப் பெட்டியோடு இது நிற்கவில்லை. எங்கள் மண்டியில் எலக்ட்ரானிக் தராசு ஒன்று நின்றபோது, "போர்டு வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றுதான் பதில் வந்தது. தராசு நின்றால் வியாபாரம் நிற்கிறது. பில் மெஷினுக்கும் ஃப்ரீசருக்கும் நாளை இதே நிலை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வாங்குகிறவர்கள் கேட்காத வரை கம்பெனிகள் மாற மாட்டா.

எனவே எந்த மெஷின் வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? உள்ளூர் மெக்கானிக் திறக்க முடியுமா? இந்த உறுதியை பில்லில் எழுதித் தருவீர்களா? தயங்குகிற இடத்தில் விலை குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பழுது பார்க்கிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதை விடுவோம். அவர் பிழைப்பு நடக்காவிட்டால் அவர் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வரமாட்டான். ஊரில் உள்ள மெக்கானிக்குகளின் பட்டியலை நமது சங்கம் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.