வண்டி சுதேசி, எண்ணெய் விதேசி

சென்ற 2025ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி முதல் மோட்டார் சைக்கிள்களின் மீதுள்ள சரக்கு, சேவை வரி மாற்றப்பட்டது. 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு 100க்கு 28ஆக இருந்த வரி 18ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, மேல்வரியும் சேர்ந்து 31ஆக இருந்தது 40ஆக உயர்ந்தது. ஏழையின் வண்டிக்குச் சலுகை, செல்வனின் உல்லாச வண்டிக்குப் பாரம் என்று பலரும் இதை வரவேற்றனர். நோக்கம் நல்லதே, அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அளக்கத் தேர்ந்துகொண்ட கோல் தவறானது என்பது நமது அபிப்பிராயம். எஞ்சின் எவ்வளவு பெரிது என்று சர்க்கார் கேட்டிருக்கிறது. எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று கேட்கவில்லை.

எண்ணெய்க் கணக்கு இந்நாட்டுக்கு அற்ப விஷயமன்று. நாம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் அன்னிய நாடுகளிலிருந்து வருகிறது. அதிலிருந்து வடிக்கும் பெட்ரோலைப் பெரும்பாலும் கார்களே குடிக்கின்றன என்று நினைப்போர் உண்டு. அது சரியன்று. 2014இல் வெளியான சர்க்கார் கணக்கெடுப்பின்படி, விற்ற பெட்ரோலில் சுமார் 61 பங்கு இருசக்கர வண்டிகளுக்கே சென்றது. ஆகவே இருசக்கர வண்டியின் சிக்கனம் தேசத்தின் சிக்கனமாகும்.

இந்த வரியின் நியாயத்தை டில்லியிலிருந்து பார்ப்பதைவிட ஆரணியிலிருந்து பார்த்தால் நன்கு விளங்கும். பட்டுச் சேலைக்குப் பேர்போன அவ்வூரில் எடைக் கணக்கு இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. நெசவாளிக்குப் பாவுப் பட்டும் ஊடைப் பட்டும் ஜரிகையும் நிறுத்துத்தான் கொடுக்கப்படுகின்றன. நெய்து முடித்த சேலையும் நிறுத்துத்தான் வாங்கப்படுகிறது. சேதாரம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. மிஞ்சினால் கேள்வி உண்டு. ஒருவன் தறி எத்தனை அகலம் என்று பார்த்துப் பட்டின் சேதாரத்தைத் தீர்மானிக்கும் முதலாளி ஆரணியில் இல்லை. அந்த ஊரின் பாவும் நூலும் சேலையும் தெருத் தெருவாகச் செல்வது பெரும்பாலும் சிறிய மொபெட்டுகளின் மீதே. ரயிலுக்கோ விழுப்புரம்-காட்பாடிப் பாதையிலுள்ள ஆரணி ரோடு நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அது ஊருக்குள் இல்லை. ஆகவே பெட்ரோல் விலை அங்கே கூலியைத் தின்னும் விலை.

அதே ஆரணி வழியாக ஜவ்வாது மலையை நோக்கி வேறு வகை வண்டிகளும் போகின்றன. உயர்ந்த உடல், அகன்ற கைப்பிடி, முன்னே காற்றுத் தடுப்பு, இருபுறமும் உலோகப் பெட்டி, பின்னே ஒரு பெட்டி. சாகசப் பிரயாண மோட்டார் சைக்கிள் என்பது இதுவே. இவ்விரு ஜாதிகளிலும் பேர்போன இரண்டு வண்டிகள் ஒரே வருஷத்தில் பிறந்தன என்பது கவனிக்கத்தக்கது. 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 800 சி.சி. அளவுள்ள ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டு, பெரிய பிரயாண வண்டிகளுக்கு வழிகாட்டியது. அதே 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. பின்னர் 2013இல் இவ்விரு கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதே ஓசூரில் ஜி 310 ஜி.எஸ். என்ற 313 சி.சி. பிரயாண வண்டியைத் தயாரித்து 2018இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தன. சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் வண்டி செய்யும் ராயல் என்பீல்டோ 2016இல் 411 சி.சி. ஹிமாலயனையும், 2023இல் 452 சி.சி. ஹிமாலயனையும் வெளியிட்டது. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைவண்ணம் உலகச் சாலைகளில் ஓடுவது நமக்குப் பெருமையே. வண்டி சுதேசிதான், அதன் வயிற்றில் ஊற்றும் எண்ணெய் மட்டும் விதேசி.

பெரிய பிரயாண வண்டி அதிகமாகக் குடிப்பதற்குக் காரணம் எஞ்சின் அளவு மட்டுமன்று. நிமிர்ந்து உட்கார்ந்த மனிதனும், உயர்ந்த தடுப்பும், அகன்ற பெட்டிகளும் காற்றுக்கு ஒரு சுவரைப் போல் நிற்கின்றன. வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கமாக ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரில் சென்றவன் 100க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. மேடு பள்ளமான டயரும், 200 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ள வண்டியின் எடையும் மிச்சத்தைச் செய்கின்றன. எனவே ஒரே அளவு எஞ்சினுள்ள இரண்டு வண்டிகள் ஒரே அளவு எண்ணெய் குடிக்கும் என்று எண்ணுவது பிழை.

கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஆரணி வழியே ஜவ்வாது மலைக்குப் போய்த் திரும்ப 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். வண்டிக்குக் கம்பெனியே கூறிய அளவு 100 கிலோமீட்டருக்கு 4.75 லிட்டர், அதன்படி 19 லிட்டர் செலவாகும். ஹிமாலயன் 450 லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்தால் 13 லிட்டருக்குச் சற்று அதிகம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் செல்லும் 100 சி.சி. மொபெட் அதே தூரத்தை 7 லிட்டருக்குள் முடித்துவிடும். ஆர் 1250 ஜி.எஸ்ஸின் ஒரு லிட்டர் 21 கிலோமீட்டர். மொபெட்டின் ஒரு லிட்டர் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இனி வரிக்கு வருவோம். ஹிமாலயன் 450க்கும் அந்த 1250 சி.சி. வண்டிக்கும், எண்ணெய்ச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தும், விகிதம் ஒன்றே: 40. மறுபுறம், 349 சி.சி. எஞ்சினும் 200 கிலோவை ஒட்டிய எடையும் உள்ள வண்டிக்கும், 90 கிலோகூட இல்லாத மொபெட்டுக்கும் விகிதம் ஒன்றே: 18. சிக்கனமான பெரிய எஞ்சினைச் செய்யும் கம்பெனிக்கு இதில் வெகுமதியில்லை. 350க்கு ஒரு சி.சி. குறைத்து, எண்ணெயைத் தாராளமாகக் குடிக்கும் வண்டியைச் செய்தால் அதற்குத் தண்டனையுமில்லை. இது எண்ணெயை மிச்சப்படுத்தும் வரியன்று. எஞ்சினுக்கு நாடா பிடித்து அளக்கும் வரி.

பெரிய வண்டிகள் எண்ணிக்கையில் சொற்பம். அவற்றின் எண்ணெய் கடலில் ஒரு துளி. அதற்கு இவ்வளவு விவாதமா என்று சிலர் கேட்கலாம். சொற்பம் என்பது உண்மை. ஒருவர் பெரிய காரில் போவதைவிட இத்தகைய வண்டியில் போவதால் எண்ணெய் மிஞ்சும் என்பதும் பெரும்பாலும் உண்மை. இவ்வண்டிகளைத் தடுக்கவேண்டும் என்பது நமது கட்சியன்று. மலையையும் நாட்டையும் பார்க்க வாலிபர்கள் புறப்படுவது நல்லதே. நாம் கேட்பது ஒன்றுதான்: சிக்கனம் என்ற தர்மம் ஒரு சாராருக்கு மட்டும் உபதேசிக்கப்படலாகாது.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்ரோலில் எத்தனாலை 20 பங்கு கலக்கும் இலக்கு முதலில் 2030க்கு வைக்கப்பட்டு, பின்பு முன்னதாகவே 2025இல் எட்டப்பட்டது. இறக்குமதி குறையும், கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுவோர் பயனடைவர் என்பதே சர்க்காரின் வாதம். அதில் சாரமில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்டமே, பழைய முறையில் அமைந்த இருசக்கர வண்டிகளின் சிக்கனம் இதனால் 100க்கு 3 முதல் 4 வரை குறையும் என்று ஒப்புக்கொண்டது. அந்தப் பழைய வண்டி யாரிடம் இருக்கிறது? புது வண்டி வாங்க வசதியில்லாத நெசவாளியிடமும் பால்காரரிடமும்தான். தேசத்தின் பொருட்டு அவர்கள் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டரை விட்டுக்கொடுக்கிறார்கள். அதே தேசத்தின் பொருட்டுத் தனது எண்ணெய்க் கணக்கைக் கடையில் பகிரங்கமாக எழுதி வைக்கும்படி பெரிய கம்பெனியைக் கேட்பது அதிகமாகுமா?

செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திரக் குறி ஒட்டுவதுபோல், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் மீதும், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதைத் தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும் கண்ணில் படுமாறு எழுதவேண்டும். இதற்குப் புதிய பரிசோதனை தேவையில்லை. 2020 ஏப்ரல் முதல் அமலிலுள்ள பி.எஸ். 6 விதிப்படி புகையை அளக்கும்போதே எரிந்த எண்ணெயின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். இரண்டாவது, வரியின் படிகளை சி.சி.யைக் கொண்டு அமைப்பதை விட்டு, அந்த லிட்டர்க் கணக்கைக் கொண்டே அமைக்கவேண்டும். கார்களுக்கு எரிபொருள் சிக்கன நியதி 2017 முதல் இருக்கிறது. பெட்ரோலில் பெரும்பங்கைக் குடிக்கும் இருசக்கர வண்டிகளின் வரியில் அந்தக் கொள்கைக்கு இடமில்லாதிருப்பது விந்தையே.

நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் பிரதிநிதிகள் இக்கேள்வியை எழுப்பவேண்டும். இந்தியாவின் மோட்டார் சைக்கிள்களில் பெரும் பகுதியைச் செய்யும் மாநிலங்களில் ஒன்று நமது தமிழ்நாடு. ஆகவே இதைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. ஒரு பலம் ஜரிகைக்குக் கணக்குக் கேட்கும் தேசம், 19 லிட்டர் பெட்ரோலுக்கும் கணக்குக் கேட்கட்டும்.