டயரைப் பார்க்கத் தெரிந்த மகள்

நமது ஊர்களில் ஒரு குடும்பம் தூரப் பயணம் புறப்படுகிறதென்றால் வேலைகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். உம்மாவும் ராத்தாமாரும் விடியுமுன்பே சமையலறையில் நிற்பார்கள். வாப்பாவும் நானாமாரும் வாகனத்தைச் சுற்றி நிற்பார்கள். சோற்றுப் பொதி எத்தனை, சம்பல் எந்தப் போத்தலில் என்பதெல்லாம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பிரிவினை மாற வேண்டும் என்பதே எனது கருத்து. தூரப் பயணத்துக்கு வாகனத்தைத் தயார்ப்படுத்தும் அறிவு பெண்பிள்ளைகளுக்கும் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க எண்ணாதவளுக்கும் வேண்டும்.

பாதையை எண்ணிப் பாருங்கள். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை சுமார் 70 கிலோமீற்றர். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். டயர் ஒட்டும் கடையும் வரும். அறுகம்பையைத் தாண்டிப் பாணமைக்குப் போனபின் நிலைமை வேறு. அதற்கப்பால் உகந்தை வரை காட்டோரக் கிறவல் பாதை. உகந்தையில் முருகன் கோவிலும், குமணா தேசியப் பூங்காவின் நுழைவாயிலும் இருக்கின்றன. யுத்தத்தால் 1985 இல் மூடப்பட்ட அந்தப் பூங்கா 2003 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே மணலும் மாரிகாலச் சேறும் கலந்த தடங்கள். யானையும் சிறுத்தையும் உலாவும் அந்த இடத்தில் இறங்கி நடந்துபோய் உதவி கேட்க முடியாது. சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகவும் முடியாது. ஃபோர் வீல் ஜீப்பில் போகிறோம் என்பது மட்டும் அங்கே போதாது. புறப்படுமுன் வீட்டு வாசலில் பார்த்த வேலைதான் அங்கே கைகொடுக்கும்.

அந்த வேலை என்ன? முதலில் டயர். அதன் பக்கச் சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் 4 இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. டயரின் தவாளிப்புகளுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் ஆழம்தான். அந்த டயரை நம்பிக் காட்டுப் பாதைக்குப் போகக் கூடாது. இவற்றைப் பார்க்கக் கண் போதும். கராஜ் அனுபவம் தேவையில்லை.

அடுத்தது காற்று. தார் வீதியில் 30 பீ.எஸ்.ஐ. அளவில் இருக்கும் காற்றை ஆழமான மணலில் 20 அளவுக்கு இறக்குவார்கள். டயர் தட்டையாகி மணலில் படும் பரப்பு கூடும். அதே பாரம் பெரிய பரப்பில் பரவுவதால் அமுக்கம் குறையும், சில்லு புதையாது. விஞ்ஞானப் பாடத்தில் நாம் சூத்திரமாக மனனம் செய்த அமுக்கம் இதுதான். தாருக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கலாம். ஆகவே காற்று அளக்கும் கருவியும் ஒரு சிறிய பம்பியும் கூடவே போக வேண்டும். ஜெக்குக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டும் வேண்டும், மணலில் வெறும் ஜெக் கீழேதான் போகும். சில்லு மாற்றும்போது அது தரையில் இருக்கையிலேயே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகுதான் வாகனத்தை உயர்த்த வேண்டும்.

காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து, இரண்டு குறிகளுக்கிடையில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்கலாம். ரேடியேட்டர் தண்ணீரையும் அப்போதே பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்.

இனி, நாம் ஏற்கெனவே செய்யும் வேலைக்கு வருவோம். சாமான் அடுக்குவதும் வாகனத் தயாரிப்பில் ஒரு பங்குதான். பாரமான பெட்டிகளையும் தண்ணீர்க் கலன்களையும் கூரையில் ஏற்றினால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவில் புரளும் ஆபத்துக் கூடும். பாரம் கீழே, ஆசனத்தை ஒட்டி, கட்டப்பட்டு இருக்க வேண்டும். வெயில் காலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணீராவது இருக்கட்டும். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119 என்பது சின்னத் தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சாரதி இருக்கிறாரே, பொம்பிளைப் புள்ளைக்கு என்னத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சாரதிக்குக் காட்டு நடுவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? "கையெல்லாம் கிறீஸ் ஆகுமே" என்பார்கள். கணவாய் மை பட்ட கையைக் கழுவத் தெரிந்த நமக்குக் கிறீஸைக் கழுவத் தெரியாதா? உலகின் முதலாவது நெடுந்தூர மோட்டார் வாகனப் பயணத்தைச் செய்தவரே ஒரு தாய்தான். 1888 ஓகஸ்டில் ஜேர்மனியின் பேர்த்தா பென்ஸ், கணவர் செய்த வாகனத்தில் கணவருக்குச் சொல்லாமலே, இரண்டு மகன்மாருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்துக்கொண்டார். வாகனத்தைத் தெரிந்திருந்ததால்தான் அவரால் வழியில் சமாளிக்க முடிந்தது.

ஆனால் இந்த அறிவின் பெரும் பயன் வழியில் இல்லை, புறப்படும் முன்னே இருக்கிறது. தேய்ந்த டயரோடு நிற்கும் வேனில் பத்துப் பேர் ஏறுகிறோம். "எனக்குப் பயமாயிருக்கு" என்று மகள் சொன்னால், "பேசாம ஏறு" என்பார்கள். "வாப்பா, பின்பக்க இடது டயர் குறி மட்டத்துக்கு வந்திட்டு, மாத்திப்போட்டுப் போவம்" என்று சொன்னால் வாப்பா குனிந்து பார்ப்பார். பயத்தைத் தட்டிக்கழிக்கலாம், அறிவைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். பத்து உயிர்கள் ஏறும் வாகனத்தை "இப்போது எடுக்க வேண்டாம்" என்று சொல்லும் தகுதி, அதில் ஏறும் பெண்களுக்கும் இருக்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அந்தக் கயிறு ஆண்களின் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே போகும் சிலருக்கு மட்டும் இது போதாது. நமது கல்லூரி ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்கட்டும். ஆசிரியர் ஒருவரின் வாகனத்தை மைதானத்தில் நிறுத்தி, ஊரிலுள்ள ஒரு மெக்கானிக்கை அழைத்து, ஒவ்வொரு மாணவியும் தன் கையால் ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கட்டும். பெற்றோரே, அடுத்த விடுமுறைப் பயணத்துக்கு முதல்நாள் அஸருக்குப் பின், காற்று அளக்கும் கருவியை உங்கள் மகளிடம் கொடுங்கள். ஐந்து டயர்களையும் அவள் பார்க்கட்டும்.